பேயும் குருட்டுப் புள்ளியும்

இங்கிலாந்து நாட்டிலிருந்து வெளிவருகிறது 'நேச்சர்' எனும் அறிவியல் ஏடு. 1869இல் தொடங்கப்பட்டு, தங்கள் பெயர் ஒருமுறையேனும் அதில் வந்துவிடாதா என்று உலக விஞ்ஞானிகள் இன்றளவும் ஏங்கும் ஏடு. பேராசிரியர்கள் அனுப்பும் கட்டுரைகளே திரும்பி வந்துவிடும் அந்த ஏட்டில், 1973ஆம் ஆண்டு, இரு கண்களும் கூடி ஆழத்தைக் காண்பது எங்ஙனம் என்பது பற்றிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியோர் மூவர். முதற்பெயருக்கு உரியவர், நமது வடசென்னையில், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் அப்போது படித்துக் கொண்டிருந்த மாணவர். இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாதவர். வி. எஸ். இராமச்சந்திரன் என்பது பெயர். மதுசூதன ராவ், வித்தியாசாகர் என்போர் உடன் எழுதியவர்கள்.

ஆவடியில் மின்தொடர் வண்டி ஏறினால் ஒரு மணி நேரத்தில் சென்றடையக்கூடிய இடம் அந்தக் கல்லூரி. நாம் பாடம் சொல்லும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் புதிதன்று. பாட்டனுக்கு இருமல் என்றால் அங்கே போவர்; மாமனுக்குக் கால் முறிந்தால் அங்கே கிடத்துவர்; நீண்ட வரிசையும் மருந்து நெடியுமே அவர்கள் அறிந்த ஸ்டான்லி. அங்கிருந்த மாணவர் ஒருவர் எழுதியதை உலகமே படித்தது என்று வகுப்பில் சொன்னபோது, "நம்ம ஸ்டான்லியா சார்?" என்று கேட்டான் ஒரு பையன். நம்ம ஸ்டான்லிதான் என்றோம். அவன் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டோம். ஆயிரம் அறிவுரை செய்ய இயலாததை அந்த ஒரு சொல் செய்தது!

இராமச்சந்திரன் 1978இல் கேம்பிரிட்ஜில் ஆய்வுப் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ நகர்ப் பிரிவில் பேராசிரியரானார். வெட்டுண்ட கை இன்னும் இருப்பதாகவும் அது வலிப்பதாகவும் துடித்த நோயாளிகளுக்கு, கடையில் வாங்கிய ஒரு கண்ணாடியைக் கொண்டு நிவாரணம் காட்டியவர் என்றே பலரும் அவரை அறிவர். அந்தக் கதை பலரும் சொன்ன கதை. நாம் இங்கே சொல்ல வந்தது அதுவன்று. அவரது தொடக்கமாகிய கண்ணைப் பற்றியது. கண்ணைப் பற்றியது என்பதைவிட, கண் கைவிட்ட இடத்தில் மூளை என்ன செய்கிறது என்பதைப் பற்றியது.

விழியின் பின்புறத்தே விழித்திரை. அங்கே ஒளியை உணரும் அணுக்கள் ஏறத்தாழப் பத்துக் கோடி. அவை தரும் செய்திகளைத் திரட்டி மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்பிழைகளோ ஏறத்தாழ 10 இலட்சம். அத்தனை இழைகளும் ஒரே கட்டாகத் திரண்டு விழியைத் துளைத்து வெளியேறும் இடத்தில், ஒளியை உணரும் அணு ஒன்றேனும் இல்லை. அந்த இடம் குருடு. மன்னனாயினும் மாடு மேய்ப்பவனாயினும், கழுகுப் பார்வை என்று புகழப்படுபவனாயினும், ஒவ்வொரு கண்ணிலும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. புள்ளி என்றவுடன் கடுகளவு என்று கருதிவிட வேண்டா. வானத்தில் பத்து முழு நிலவுகளை வரிசையாக அடுக்கினாலும் அதற்குள் மறைந்துவிடும்.

1668இல் இதனை வெளியிட்டவர் பிரான்சு நாட்டு மாரியோத் என்பார். இங்கிலாந்தின் இரண்டாம் சார்லசு மன்னன் இதனைக் கேள்வியுற்று, தன் எதிரே நிற்கும் அவையினரின் தலை குருட்டுப் புள்ளியில் விழும்படி நோக்கி, வாளின்றித் தலை கொய்து மகிழ்ந்தான் என்று கதை சொல்வர். அவன் தந்தையின் தலையை மக்கள் மெய்யாகவே வெட்டியிருந்தனர். அவனுக்கு அந்த விளையாட்டில் என்ன இன்பமோ, அறியோம்!

நாம் வகுப்பில் செய்த சோதனைக்கு மன்னர் தேவைப்படவில்லை. வெள்ளைத்தாள் ஒன்று. இடப்புறம் ஒரு கரும்புள்ளி. எட்டு சென்டிமீட்டர் தள்ளி வலப்புறம் ஒரு பெருக்கல் குறி. வலக்கண்ணை மூடிக்கொண்டு, இடக்கண்ணால் பெருக்கல் குறியையே நோக்கியபடி, தாளை மெல்ல முகத்தருகே கொண்டு வர வேண்டும். ஏறக்குறைய ஓர் அடித் தொலைவில் கரும்புள்ளி காணாமற் போகும். நாற்பது பிள்ளைகளும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தாளை முன்னும் பின்னும் ஆட்டிய காட்சியைச் சன்னல் வழியே கண்ட பக்கத்து வகுப்பு ஆசிரியர், என்ன பூசை நடக்கிறது என்று கேட்டுச் சென்றார். பிறகு கரும்புள்ளியின் ஊடே நீளமாக ஒரு கோடு இழுக்கச் சொன்னோம். மறுபடியும் நோக்கினர். புள்ளி மறைந்தது, கோடு மறையவில்லை. புள்ளியிருந்த இடத்திலும் அறுபடாமல் ஓடிற்று.

"சார், அந்த இடத்துல கண்ணு தெரியாதுன்னா, கோட்டை யார் போட்டது?" என்றாள் ஒரு மாணவி.

இராமச்சந்திரன் கேட்டதும் அதே கேள்விதான். 1991இல் ரிச்சர்டு கிரிகரி என்னும் ஆங்கிலேய அறிஞரோடு சேர்ந்து 'நேச்சர்' ஏட்டில் அவர் வெளியிட்ட ஆய்வு எளிமையானது. திரை முழுதும் புள்ளிகள் மினுமினுக்கின்றன. ஓரிடத்தில் மட்டும் சாம்பல் நிறச் சதுரம்; அங்கே மினுமினுப்பு இல்லை. நடுவே ஒரு குறியை உற்று நோக்கியபடி அசையாதிருக்கச் செய்தனர். ஐந்து நொடியளவில் சாம்பல் சதுரம் மறைந்தது. அந்த இடத்தையும் மினுமினுப்பு வந்து மூடிக் கொண்டது. சுற்றிலும் இருப்பதை எடுத்து, இல்லாத இடத்தை நிரப்பிவிட்டது மூளை. அதோடு விடவில்லை அவர்கள். சட்டென்று திரை முழுவதையும் வெறும் சாம்பல் நிறமாக்கினர். என்ன ஆயிற்று? சதுரம் இருந்த இடத்தில் மட்டும், இரண்டு மூன்று நொடி நேரம், மினுமினுப்பு தொடர்ந்து தெரிந்தது! திரையில் ஒரு புள்ளியும் இல்லை. கண்ணுக்கு வந்த செய்தி ஏதுமில்லை. கண்டது மூளை, காட்டியதும் மூளை.

இதை எல்லோரும் ஏற்றுக் கொண்டனரா என்றால், இல்லை. டேனியல் டென்னட் எனும் அமெரிக்கத் தத்துவ அறிஞர், அதே 1991இல் எழுதிய நூலில், மூளை எதையும் வரைவதுமில்லை, பூசுவதுமில்லை, 'இங்கும் அதே' என்று குறித்துக் கொண்டு மேலே போய்விடுகிறது, அவ்வளவே என்றார். அப்படியானால் வெறுந்திரையில் மினுமினுத்தது எது என்று கேட்டது இராமச்சந்திரன் பக்கம். சோதனையை எதிர்த்துச் சோதனை, கருத்தை எதிர்த்துக் கருத்து என்று நடந்தது அந்த வழக்கு. எவரும் எவரையும் சபிக்கவில்லை. பின்னாளில் 'கண்ணாடி நரம்பணுக்கள்' பற்றி இராமச்சந்திரன் சொன்னவை மிகை என்று ஆய்வாளர் பலர் மறுத்ததையும் இங்கேயே சொல்லி வைப்போம். நம் ஊர்க்காரர் என்பதற்காகக் கற்பூரம் காட்ட வேண்டிய தேவை நமக்கில்லை.

ஏட்டில் படித்தது வீட்டு வாசலுக்கு வந்தது சென்ற ஆண்டு. பருத்திப்பட்டுப் பக்கம் ஒரு தெரு. கோடு போட்டது யார் என்று கேட்டாளே, அந்த மாணவியின் வீடு. அவளுடைய ஆயாவுக்கு எழுபது வயதுக்கு மேல். கோயில் வாசலில் பூக்கட்டி விற்று இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். பார்வை மங்கிப் பல ஆண்டுகள் ஆகியும் விரல்கள் பூவை அறியும், நாரை அறியும், ஆகவே மங்கியது பிறருக்குத் தெரியவில்லை. வட்டாரத்துக் கண்ணாடிக் கடை ஒன்றில் மூன்று முறை கண்ணாடி மாற்றிக் கொடுத்துக் காசு வாங்கினார்களே தவிர, மருத்துவரிடம் போங்கள் என்று ஒருவரும் சொன்னாரில்லை.

அந்தி சாயும் நேரம். எதிர்ச்சுவரை ஒட்டிச் சிறு பிள்ளைகள் வந்து நிற்பார்களாம், ஆயாவின் கண்ணுக்கு. பளிச்சென்ற பாவாடை, சட்டை. வரிசையாக நிற்பார்கள். சில நாள் பிள்ளைகள் இல்லை. சுவர் முழுதும் கோலம் போட்டது போல் கோடுகள் படர்ந்திருக்கும். பல திங்கள் எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, ஒருநாள் பேத்தியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். பேத்தி தாயிடம் சொன்னாள். தாய் அண்டை வீட்டாரிடம் சொன்னாள். அடுத்த கிழமை வந்து சேர்ந்தார் பூசாரி.

பூசாரி வந்தால் என்ன சொல்வார் என்பதை நம் தோழர்களுக்கு விளக்கவா வேண்டும்? ஆசை நிறைவேறாமல் மாண்ட கன்னிப் பெண்ணின் ஆவி. அவளுடைய உடன்பிறந்தவர்கள்தாம் வரிசையாக நிற்பது. கறுப்புக் கோழி ஒன்று, எலுமிச்சம்பழம் இருபத்தொன்று, தட்சணை மூவாயிரம். மருத்துவமனை வாசலை மிதித்தால் ஆவிக்குச் சினம் மூளும் என்று ஒரு தடையுத்தரவு வேறு! இறுதியில் சொன்ன அதுதான் கொடுமை. கோழி போனால் போகட்டும், கண் போகிறதே!

இதைப் படிப்பகத்தில் சொன்னோம். அங்கிருந்த இளந்தோழர் ஒருவர், ஆர்வம் மிக்கவர், உடனே சொன்னார்: "பேயாவது, பிசாசாவது! கிழவி கதை கட்டுகிறாள். மருமகள் கவனிக்கவில்லை என்று நாடகம்." கூடியிருந்தோர் சிரித்தனர்.

நமக்குச் சிரிப்பு வரவில்லை. பேய் இல்லை என்பது சரி. ஆகவே கிழவி பொய் சொல்கிறாள் என்பது எப்படிச் சரியாகும்? பேய் இல்லை என்பது ஒரு செய்தி. கிழவி எதையோ காண்கிறார் என்பது மற்றொரு செய்தி. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருத்தல் கூடும். பூசாரி அவரை நம்பினார், பணம் பறிக்க. நம் தோழர் அவரை நம்பவே இல்லை. கேள்வி கேட்டாரா ஒருவரேனும்?

ஒரு ஞாயிறன்று மாலை, அவரருகே திண்ணையில் அமர்ந்து கேட்டோம்.

"அந்தப் பிள்ளைகள் பேசுமா, ஆயா?"

"பேசாதுப்பா. ஒரு சத்தம் கிடையாது. சும்மா நிக்கும்."

"கிட்டே போனால்?"

"கைய நீட்டுனா இருக்காது. லைட்டப் போட்டாலும் போய்டும். நெசம் இல்லன்னு எனக்குத் தெரியாதா? வெளிய சொன்னா கிழவிக்குப் பைத்தியம்னு சொல்லுவாங்க. அதான் வாயத் தொறக்கல, வாத்தியாரே."

சத்தமில்லை, தொட்டால் இல்லை, மெய்யன்று என்று காண்பவருக்கே தெரிகிறது, விளக்கேற்றினால் மறைகிறது. இத்தகைய தோற்றங்களைப் பற்றி 1760இலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஜெனீவா நகரத்துச் சார்லசு பொன்னே என்னும் இயற்கை ஆராய்ச்சியாளரின் பாட்டனார் லுல்லேன், தொண்ணூறை எட்டிய முதியவர். கண்புரையால் பார்வை மிகவும் குன்றியவர். ஆடவர், பெண்டிர், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் எல்லாம் எதிரே தோன்றி மறைவதைக் கண்டு, அவை மெய்யல்ல என்பதையும் அறிந்து, பேரனிடம் சொன்னார். பேரன் பூசாரியை அழைக்கவில்லை, எழுதி வைத்தான். இன்று அந்நிலைக்கு அவன் பெயரையே வைத்து வழங்குகின்றனர் மருத்துவர்கள். பார்வை பெரிதும் இழந்தோருள் பத்தில் ஒருவருக்கேனும் இது உண்டு என்பர். சொன்னால் பைத்தியப் பட்டம் கிட்டும் என்று அஞ்சி வாய்மூடிக் கிடப்போர் எத்தனை பேரோ!

இராமச்சந்திரன் 1998இல் சாண்ட்ரா பிளேக்ஸ்லி என்பாரோடு எழுதிய நூலில் இதற்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியிருக்கிறார். 'மூளைக்குள் ஆவிகள்' என்று பொருள்படும் பெயர் அந்நூலுக்கு; ஆவியை அதன் உண்மையான இருப்பிடத்தில் கண்டுபிடித்து விட்டார் போலும்! அவர் தரும் விளக்கம் இது: பார்த்தல் என்பது கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் ஒருவழிப் பாதையன்று. நினைவிலிருந்தும் எதிர்பார்ப்பிலிருந்தும் உருவங்கள் பார்வைப் பகுதிக்கு இறங்கி வந்து கொண்டே இருக்கின்றன. நாம் மனத்தில் ஒரு யானையை நினைத்தால் எதிரே யானை தோன்றிவிடுவதில்லை. ஏனெனில், யானை இல்லை, சுவர்தான் இருக்கிறது என்று கண் அடித்துச் சொல்கிறது. கண் சாட்சி சொல்லாது ஓய்ந்துவிட்டால்? மறுக்க ஆளில்லை, யானை வந்து நின்றுவிடுகிறது. அதே 1998இல் இலண்டன் நகரில் டொமினிக் ஃபிச் என்பாரின் குழு, இத்தகைய தோற்றம் காண்போரின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தது. வண்ணம் கண்டபோது வண்ணத்துக்குரிய பகுதியும், முகம் கண்டபோது முகத்துக்குரிய பகுதியும் தொழிற்படுவதைக் கண்டது. ஆகவே, ஆயா கண்டதாகச் சொன்னது கற்பனைக் கதையன்று, கண்டார். காண்பதற்குரிய கருவி வேலை செய்தது. காணத்தக்க பொருள் மட்டும் அங்கில்லை.

ஜெனீவாக் கிழவருக்கு வண்டிகள். கோயில் வாசலில் ஆயுளைக் கழித்தவருக்குப் பாவாடைச் சிறுமியர். ஒவ்வொரு மூளையும் தன் கையிருப்பிலிருந்துதான் எடுக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. இது நம் ஊகம், ஆய்வு முடிவன்று.

ஆயாவின் மூத்த மகனையும் பேத்தியையும் அழைத்துக் கொண்டு எழும்பூர் கண் மருத்துவமனைக்குச் சென்றோம். 1819இல் தோன்றியது அது. உலகின் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்று. காத்திருந்த நேரத்தில் மாணவிக்கு ஒரு பழங்கதை சொன்னோம். 1904 முதல் 1913 வரை அம்மருத்துவமனையின் தலைவராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். விழியின் வெள்ளைப் பகுதியில் நுண்ணிய துளையிட்டு உள்ளே தேங்கும் நீரை வடிக்கும் அறுவை முறையை 1909இல் அவர் வெளியிட்டார். அவர் பெயரால் உலகெங்கும் அது வழங்கிற்று. ஊர் ஊராய் அலைந்து ஊசியால் கண்புரையைக் குத்தித் தள்ளிப் பலரைக் குருடாக்கிய நாடோடி வைத்தியத்தைப் பற்றியும் ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். ஓய்வு பெற்று இலண்டன் சென்றவர் என்ன செய்தார் தெரியுமா? செப்படி வித்தைக்காரர் சங்கத்தில், மாயமந்திரங்களை ஆராயும் குழுவுக்குத் தலைவரானார். கயிற்றை வானத்தில் நிறுத்தி அதில் ஏறிப் பையன் மறையும் இந்தியக் கயிற்று வித்தையைச் செய்து காட்டுவோருக்கு 500 கினி பரிசு என்று 1934இல் அறிவித்தது அச்சங்கம். பரிசு வாங்கியவர் எவருமில்லை. கண்ணைப் பழுது பார்த்தவருக்கு, கண்கட்டு வித்தையையும் பார்க்கத் தோன்றியிருக்கிறது!

எலியட் துளையிட்டது எந்த நோய்க்கோ, அந்த நோய்தான் ஆயாவுக்கும். கண் நீரழுத்த நோய். மருத்துவர் மொழியில் கிளாக்கோமா. இடக்கண்ணில் பார்வை ஏறக்குறைய முழுதும் போயிற்று. வலக்கண்ணில் சுற்றுப்புறம் போய் நடுப்பகுதி எஞ்சியிருக்கிறது. நாம் மேலே சொன்ன 10 இலட்சம் நரம்பிழைகள் இருக்கின்றனவே, அவை ஒவ்வொன்றாகப் பட்டுப்போவதே இந்நோய். பட்டது பட்டதுதான், மீண்டும் தளிர்க்காது. இருப்பதைக் காக்கச் சொட்டு மருந்து உண்டு. வேண்டுமானால் அறுவை உண்டு.

இத்தனை காலம் ஒருவருக்கும் தெரியாமற் போனது எப்படி என்று மகன் கேட்டார். வலியில்லை, சிவப்பில்லை என்றார் மருத்துவர். நாமோ நாற்பது பிள்ளைகள் தாளைப் பிடித்து ஆட்டியதை எண்ணிக் கொண்டோம். அறுந்த கோட்டை இணைத்துக் காட்டுகிறதே மூளை, அதே வேலையைத்தான் நோயாளியின் தலைக்குள்ளும் செய்கிறது. பார்வையில் ஓட்டை விழுகிறது. விளிம்பிலுள்ளதை எடுத்து ஓட்டையை அடைத்து விடுகிறது. இருள் தெரிவதில்லை, குறை தெரிவதில்லை, திருட்டு நடப்பது வீட்டுக்காரருக்கே தெரிவதில்லை. ஓட்டை சிறிதாயிருக்கையில் மூடி மறைக்கிறது. பெரிதான பின் உருவங்களைக் கொணர்ந்து நிறுத்துகிறது. ஆயாவை அச்சுறுத்திய உருவங்களும், அவரை ஏமாற்றிய அமைதியும் ஒரே பட்டறையில் செய்யப்பட்டவை.

ஆயா மட்டும் ஏமாறவில்லை. சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த எல். விஜயா முதலிய ஆய்வாளர்கள் நமது திருவள்ளூர் மாவட்டத்திலும் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் உள்ள சிற்றூர்களில், நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் 3,924 பேரைச் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டனர். நோய் இருந்தோருள் ஏறத்தாழ அனைவருமே, தமக்கு அது இருப்பதை அன்றுவரை அறியாதவர்கள்! சோதனை நேரம் சில நிமிடம். கண்ணின் அழுத்தம் பார்ப்பர். நரம்பின் முகப்பைக் கருவி வழியே நோக்குவர். பார்வைப் பரப்பை அளப்பர்.

ஆயா இப்போது இரவுதோறும் மருந்திட்டுக் கொள்கிறார். சீசாவை எடுத்துத் தருவது பேத்தியின் பொறுப்பு. பிள்ளைகள் இன்னும் சில நாள் வருகிறார்களாம். கண்ணை இடமும் வலமுமாகப் பலமுறை விரைந்து உருட்டிப் பார்த்தால் மறைவதுண்டு என்று கண்டறிந்துள்ளனர், சொன்னோம், செய்து பார்த்தார். "போய்ட்டாங்க" என்றார். பின்னர், "வந்தா வரட்டும், யாருக்கு என்ன தொல்ல?" என்றும் சொல்லிக் கொண்டார். பூசாரிக்கு முன்பணமாகத் தந்த ஐந்நூறு ரூபாய் திரும்பவில்லை.

மருத்துவர் ஒன்றை அழுத்திச் சொல்லியனுப்பினார். தாய்க்கோ தந்தைக்கோ உடன்பிறந்தோர்க்கோ இந்நோய் இருந்தால், மற்றவரினும் பல மடங்கு மிகுதியாக இது வரக்கூடும். ஆகவே பிள்ளைகள் இருவரும் சோதித்துக் கொள்ள வேண்டும். மூத்தவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை. அரை நாள் ஊதியத்தை இழந்து அன்றே சோதித்துக் கொண்டார். நோய் இல்லை, ஆண்டுக்கொரு முறை வாருங்கள் என்றனர். இளையவர் பூந்தமல்லியில் ஆட்டோ ஓட்டுகிறார், நாற்பத்தாறு வயது. இருமுறை சென்று சொன்னோம். "எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது சார். சைடுல வர்ற வண்டிகூடத் தெளிவாத் தெரியுது" என்கிறார். தெளிவாகத்தான் தெரியும் என்று தாளையும் பென்சிலையும் எடுத்துக் கோடு போட்டுக் காட்டத் தொடங்கினோம். சவாரி வந்துவிட்டது, போய்விட்டார். வரும் ஞாயிறன்று, நிலையத்தில் வண்டிகள் குறைந்திருக்கும் பிற்பகலில், தாளோடு மறுபடியும் போக இருக்கிறோம்.